ஜெர்மனியில் முதல் வாடகை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனி வந்து, முதல் வாடகை வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரத்தில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். விசா பற்றியும் வங்கிக் கணக்கு பற்றியும் சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜன்னலை எப்படி மூடுவது என்று சொல்லித்தர யாரும் இல்லை. பத்து வருஷத்தில் மூன்று வீடு மாறியிருக்கிறேன். அதில் பட்டதையும் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். வந்த புதிதில் எல்லாமே வீண் கெடுபிடியாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த விதிகளில் பாதிக்கு மேல் இங்கே வீடு கட்டும் முறையிலிருந்து வந்தவை. காரணம் பிடிபட்டுவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

விளம்பரத்தில் இரண்டு அறை என்று இருந்தது. போய்ப் பார்த்தால் ஒரே ஒரு படுக்கையறை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இங்கே ஹாலும் ஓர் அறைதான். சமையலறை, குளியலறை, நடை எதுவும் கணக்கில் வராது. 'ட்ஸ்வை ட்சிம்மர்', அதாவது இரண்டு அறை என்றால் நம் கணக்கில் ஒரு பெட்ரூம் வீடு. இரண்டரை அறை என்று போட்டிருந்தால் அந்த அரை அறையில் ஒரு மேசையும் நாற்காலியும் போடலாம், தொட்டில் போடலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

சமையலறையில் சிங்க்கூட இல்லையே. சுவரில் ஒரு குழாய் முனைதான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஆமாம், சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர்கள். பல வீடுகளில் சமையலறை என்பது நான்கு சுவர், ஒரு தண்ணீர் இணைப்பு, அடுப்புக்கு ஒரு தடித்த மின் இணைப்பு, அவ்வளவுதான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் குடித்தனக்காரரின் சொத்து. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவார், அல்லது அடுத்து வருகிறவரிடம் விற்றுவிடுவார். அப்படிக் கைமாற்றிக் கொடுக்கும் விலைக்கு 'அப்லோஸ' என்று பெயர். விளம்பரத்தில் 'ஈபிகே' என்று மூன்றெழுத்து இருந்தால் சமையலறை உள்ளேயே இருக்கிறது என்று பொருள். முதல் முறை வருகிறவர்கள் அதைப் பார்த்து எடுப்பதே நிம்மதி.

விளக்கும் அப்படித்தான். கூரையிலிருந்து இரண்டு மூன்று கம்பி தொங்கும், பல்ப் இருக்காது. முதல் ராத்திரியைக் கைப்பேசி வெளிச்சத்தில் கழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். ஊரிலிருந்து பல்ப் கொண்டுவருவதில் பயனில்லை. நம் ஊரில் பரவலாக இருப்பது அழுத்தித் திருப்பிப் பொருத்துகிற பல்ப், இங்கே இருப்பது திருகு மரை பல்ப். அடுப்பை மட்டும் நீங்களே இணைக்கப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் 400 வோல்ட் மும்முனை இணைப்பு, அதற்கு எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும்.

'கால்ட்மீட்டே', 'வார்ம்மீட்டே' என்று வாடகையில் இரண்டு எண் இருக்கிறது. எதைக் கொடுக்க வேண்டும்?

மாதாமாதம் போவது இரண்டாவது எண். 'கால்ட்' என்றால் குளிர், 'வார்ம்' என்றால் சூடு. வெறும் இடத்துக்கான வாடகை குளிர் வாடகை. அதோடு ஹீட்டிங், தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், கட்டட இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் உத்தேசமாக ஒரு தொகை சேர்த்தால் சூட்டு வாடகை. வீட்டுக் கரண்டும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் இதில் சேராது, தனி.

அந்த 'உத்தேசம்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. வருஷம் முடிந்தபின் வீட்டுக்காரர் கணக்குப் போட்டு அனுப்புவார். குறைவாகச் செலவழித்திருந்தால் பணம் திரும்ப வரும், அதிகமானால் நீங்கள் கட்ட வேண்டும். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அந்தக் கணக்கு உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். தாமதம் அவருடையது என்றால் பிறகு கூடுதல் பணம் கேட்க முடியாது. ஹீட்டிங் செலவில் குறைந்தது பாதியாவது அவரவர் பயன்பாட்டின்படி பிரிக்கப்படும். ரேடியேட்டர் மேல் ஒட்டியிருக்கும் சின்ன டிஜிட்டல் பெட்டி அதற்குத்தான். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாதக் குளிர் வாடகை. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இது தெரியாமல் கடன் வாங்கி மொத்தமாகக் கட்டுகிறவர்கள் நிறைய.

கரண்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது?

சுவிட்சைப் போட்டாலே விளக்கு எரியும். நீங்கள் யாரோடும் ஒப்பந்தம் செய்யாவிட்டால் அந்தப் பகுதியின் அடிப்படை விநியோக நிறுவனத்தோடு தானாகவே ஒப்பந்தம் ஆகிவிடும். அது வழக்கமாக விலை கூடிய ஒப்பந்தம். சாவி வாங்கும் நாளிலேயே மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, சாவகாசமாக வேறு நிறுவனம் பாருங்கள்.

வீட்டு எண் சரியாகத்தான் கொடுத்தேன். ஆனாலும் கடிதம் திரும்பிப் போகிறது. ஏன்?

அடுக்குமாடி வீடுகளுக்கு இங்கே பெரும்பாலும் கதவு எண் கிடையாது. முகவரியில் தெருவும் கட்டட எண்ணும்தான் வரும். அந்தக் கட்டடத்தில் இருபது குடும்பம் இருந்தாலும் தபால்காரருக்கு அடையாளம் தபால்பெட்டியில் இருக்கும் பெயர்தான். பெயர் இல்லாவிட்டால் அங்கே நீங்கள் இல்லை. ஆகவே குடிபோன அன்றே அழைப்பு மணியிலும் பெட்டியிலும் குடும்பப் பெயரை ஒட்டுங்கள், காகிதத்தில் எழுதி டேப் போட்டாவது.

குடும்பப் பெயர் என்றதும் நமக்கு வேறு சிக்கல். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். இருவர் பெயரிலும் கடிதம் வர வேண்டுமே, அதனால் இரண்டையும் ஒட்டினோம். விளைவு, எங்கள் வீட்டு மணியில் எங்கள் இருவர் பெயரும் இல்லை. சம்பந்திகள் இரண்டு பேரும் கூட்டுக் குடித்தனம் நடத்துவதுபோல இருக்கும். கீழ்வீட்டுப் பாட்டி ஒரு வருஷம் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். திருத்த மனம் வரவில்லை.

குடிபோய் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சீட்டு அதற்குக் கட்டாயம். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது.

குப்பை கொட்டப் போனேன், கதவு சாத்திக்கொண்டது. உள்ளே போக என்ன வழி?

வெளிப்பக்கத்தில் திருகும் பிடி இல்லை, அசையாத குமிழ்தான் இருக்கும். சாத்தினாலே போதும், சாவி இல்லாமல் திறக்க வராது. பூட்டுத் திறப்பவரைக் கூப்பிடும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். கதவு பூட்டப்படவில்லை, வெறுமனே சாத்திக்கொண்டது என்று சொல்லுங்கள். போக்குவரத்து, ராத்திரிக் கூடுதல் எல்லாம் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். வந்தவுடன் பூட்டைத் துளைக்கப் பார்க்கிறவரை நிறுத்துங்கள், சாத்திய கதவைச் சாமர்த்தியக்காரர் சில நிமிஷத்தில் பூட்டுக்குச் சேதம் இல்லாமல் திறந்துவிடுவார். இரவில் வந்து பல நூறு யூரோ பிடுங்கிக்கொண்டு போகிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. நம்பகமான பக்கத்து வீட்டிலோ அலுவலக மேசையிலோ ஒரு மாற்றுச் சாவி இருந்தால் இந்தப் பத்தியே உங்களுக்கு வேண்டாம்.

சாவியைத் தொலைப்பது அதைவிடப் பெரிய விவகாரம். பல கட்டடங்களில் உங்கள் வீட்டுச் சாவிதான் வாசல் கதவையும் கீழ்த்தள அறையையும் திறக்கும். ஒன்று தொலைந்தால் மொத்தப் பூட்டுத் தொகுதியையும் மாற்றச் சொல்லிச் செலவு உங்கள் தலையில் விழலாம். நம்மால் பிறருக்குச் சேதம் வந்தால் அந்தச் செலவைக் கொடுக்கும் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று இங்கே பெரும்பாலானவர்கள் எடுத்துவைப்பார்கள். அதில் சாவி இழப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

ஜன்னல் கையோடு வந்துவிட்டது! கீழே விழுமா?

விழாது. முதலில் கையை எடுக்காமல் மூச்சு விடுங்கள். இந்தக் கேள்வி போனில்தான் வரும், அதுவும் கத்தலாக.

இங்கே ஜன்னலின் பிடிக்கு மூன்று நிலை. கீழ்நோக்கி இருந்தால் மூடியது. படுக்கைவாட்டில் இருந்தால் கதவு மாதிரி உள்பக்கம் முழுதாகத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் அடிப்பக்கம் நிலையாக நின்று மேல்பக்கம் மட்டும் ஒரு சாண் சாயும். ஜன்னல் திறந்திருக்கும்போதே பிடியை மேலே திருப்பினால்தான் வம்பு. மேல் கீல் விட்டுவிடும், முழுக் கண்ணாடியும் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டு உங்கள் மேல் சாயும். முதல் வீட்டில் எனக்கு நடந்தது இது. ஐந்தடி உயரக் கண்ணாடியை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு, பிடியை எட்ட மூன்றாவது கை இல்லாமல் நின்றேன். கீழ்க்கீலும் மேலே உள்ள இரும்புக் கையும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்போது தெரியாது.

சரிசெய்ய, ஜன்னலைச் சட்டத்தோடு ஒட்டத் தள்ளுங்கள். கீல் பக்கத்து மேல் மூலையை உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். சட்டத்தில் முழுதாகப் பதிந்ததும் பிடியைக் கீழே கொண்டுவாருங்கள். மேல் கீல் தானாக மாட்டிக்கொள்ளும். இனிமேல் ஜன்னல் மூடியிருக்கும்போது மட்டும் பிடியைத் திருப்புவது என்று வைத்துக்கொண்டால் போதும்.

பனிக்காலத்தில்கூட ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஹீட்டிங் காசு வீணாகாதா?

எல்லாரும் சிரிக்கிற கேள்வி இது. ஆனால் இங்கே குடித்தனக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் சண்டைகளில் பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

புதுப்பித்த வீடுகளில் ஜன்னல் விளிம்பெல்லாம் ரப்பர். வெளிக்காற்று ஊசிமுனை அளவுகூட உள்ளே வராது. நம் ஊர் வீட்டில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, கூரையிடுக்கு வழியாக வீடு தானே மூச்சு விடும். இந்த வீட்டுக்கு மூக்கு ஜன்னல்தான், அதை நீங்கள்தான் திறந்து மூட வேண்டும். குளிப்பது, சோறு வடிப்பது, துணி காயப்போடுவது, தூங்கும்போது விடும் மூச்சு, எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் பல லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் ஏறுகிறது. அது போக இடமில்லாமல் வீட்டிலேயே குளிர்ந்த இடம் தேடிப் படியும். வெளிச்சுவரின் மூலை, பீரோவுக்குப் பின்புறம், ஜன்னல் ஓரம். மூன்றாம் மாதம் பீரோவை நகர்த்தினால் கறுப்புப் புள்ளிகள் தெரியும்.

குளிர்காற்றை உள்ளே விட்டால் ஈரம் எப்படிக் குறையும் என்று கேட்கலாம். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்ஜியம் டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. ஆக, வெளியே மழையே பெய்துகொண்டிருந்தாலும் அந்தக் குளிர்காற்று உள்ளே வந்து சூடானதும் வறண்ட காற்று. வீட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அடுத்த முறை ஜன்னல் திறக்கும்போது வெளியே போகும்.

செய்முறைக்கு 'ஸ்டோஸ்லுஃப்டன்' என்று பெயர். ரேடியேட்டரை அணையுங்கள், ஜன்னல்களை முழுதாகத் திறங்கள், எதிரெதிர் ஜன்னல் இருந்தால் இரண்டையும். கடும் குளிரில் ஐந்து நிமிஷம், மற்ற நாளில் பத்து நிமிஷம். நாளைக்கு இரண்டு மூன்று தடவை. இந்த நேரத்துக்குள் மாறுவது காற்று மட்டும்தான், சுவரும் சாமானும் சூட்டை வைத்துக்கொண்டிருப்பதால் மூடினதும் அறை சீக்கிரம் சூடேறிவிடும். ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து நாள் முழுக்க விடுவதுதான் காசைக் கரியாக்குவது. காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் சில்லிட்டு, அங்கேயே பூஞ்சை பிடிக்கும். ஈரப்பத மானி ஒன்று வாங்கி ஹாலில் வையுங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

ரேடியேட்டர் திருகியை 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகுமா?

ஆகாது. அந்த எண்கள் வேகம் இல்லை, வெப்பநிலை. 3 என்றால் அறை சுமார் 20 டிகிரி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 4 டிகிரி கூடும் அல்லது குறையும். திருகிக்குள் சூட்டுக்கு விரிகிற மெழுகோ திரவமோ இருக்கிறது. அறை சொன்ன சூட்டுக்கு வந்ததும் அது விரிந்து வால்வை மூடிவிடும். 5இல் வைத்தால் அதே வேகத்தில்தான் சூடாகும், 20இல் நிற்காமல் 28ஐ நோக்கிப் போகும். நீங்கள் வேர்த்து ஜன்னலைத் திறப்பீர்கள். திருகியைத் திரைச்சீலை மூடியிருந்தால் அது திரைக்குள் இருக்கும் சூட்டை அறையின் சூடு என்று நம்பி முன்னதாகவே அடைத்துக்கொள்ளும். திருகியில் நட்சத்திரம் மாதிரி இருக்கும் பனிச்செதில் படம் உறைபனிக்காவலுக்கு. ஊருக்குப் போகும்போது அதில் வையுங்கள், அதற்குக் கீழே முழுதாக அணைக்க வேண்டாம்.

குளியலறையில் பக்கெட் வைத்துக் குளிக்கலாமா?

ஷவர் தொட்டிக்குள் நின்றால் தாராளமாக. வெளியே கூடாது. பெரும்பாலான குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டையே கிடையாது. டைல்ஸ் இருப்பதால் நமக்கு அது ஈரத் தரை என்று தோன்றும். கட்டியவருக்கு அது ஹாலைப் போல ஒரு காய்ந்த தரைதான்.

குடிபோன முதல் வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிவிடலாம் என்று மனைவி இரண்டு வாளி தண்ணீரைக் குளியலறையில் ஊற்றினாள். துடைப்பத்தோடு ஓட்டையைத் தேடினோம். வாஷிங் மெஷின் அடியில் பார்த்தோம், கதவுக்குப் பின்னால் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரர் செருப்போடு நின்றார், கையில் நனைந்த துண்டு. கத்தவில்லை. 'மேலே மழையா?' என்று மட்டும் கேட்டார். அவர் வீட்டுக் கூரைக்கு மறுபடி வெள்ளையடித்த செலவைப் பொறுப்புக் காப்பீடு கொடுத்தது. வருஷத்துக்குச் சொற்பத் தொகைதான் அது, எந்தக் காப்பீட்டுக்கு முன்னாலும் அதை எடுங்கள்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும் தண்ணீர் இணைப்பில் பிரித்து மாட்டுகிற கைப்பீச்சு கடைகளில் கிடைக்கிறது. கசிவு இல்லாமல் மாட்டத் தெரிந்தவரை வைத்து மாட்டுங்கள். பயன்படுத்தியதும் வால்வை மூடுங்கள், மேலே சொன்ன கதை நினைவிருக்கட்டும்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? கெட்டிலில் வெள்ளையாக ஏதோ படிகிறதே.

குடிக்கலாம். காய்ச்ச வேண்டாம், வடிகட்ட வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு மேல் குழாயில் தேங்கியிருந்தால் கொஞ்சம் ஓடவிட்டு, குளிர்ச்சியாக வரும்போது பிடியுங்கள். அந்த வெள்ளை சுண்ணாம்பு. பெர்லின், மியூனிக் போன்ற இடங்களில் தண்ணீர் கடினமானது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, பாத்திரத்துக்குத்தான். சிட்ரிக் அமிலப் பொடி ஒரு கரண்டி போட்டு ஊறவைத்தால் கெட்டில் பளிச்சென்று ஆகிவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரம் உப்பு கேட்பதும் இதனால்தான். உள்ளே இருக்கும் நீர்மென்மையாக்கிக்கு அந்த உப்பு உணவு. சமையல் உப்பைப் போடாதீர்கள், கட்டி பிடிக்காமல் இருக்க அதில் கலந்திருப்பவை மென்மையாக்கியை அடைத்துவிடும்.

மிக்ஸி, குக்கர், தோசைக்கல்லைக் கொண்டுவரலாமா?

மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மிக்ஸி ஓடும். மூன்று முள் பிளக்தான் பொருந்தாது. எர்த் இணைப்போடு உள்ள நல்ல அடாப்டர் வாங்குங்கள், மெல்லிசான பயண அடாப்டரில் மிக்ஸியைப் போட்டால் கருகும். பிளக் பாயின்ட்டுக்குத் தனி சுவிட்ச் இருக்காது. சொருகினாலே கரண்ட், ஜாரைப் பூட்டும் முன் மிக்ஸி திருகி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுப்புதான் பார்க்க வேண்டியது. கண்ணாடித் தட்டு அடுப்பில் அடிப்பக்கம் தட்டையான பாத்திரம்தான் சரிப்படும். உருண்டை அடி கடாய் ஆடும், நடுவில் மட்டும் சூடாகும். இண்டக்‌ஷனாக இருந்தால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். அலுமினியக் குக்கர் அதில் பொம்மைதான். பெட்டி கட்டும் முன் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். இரும்புத் தோசைக்கல் ஒட்டும், ஆனால் அடி சொரசொரப்பாக இருந்தால் கண்ணாடியில் கீறல் விழும். இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

தாளித்தால் கூரையில் இருக்கும் வட்டப் பெட்டி கத்துகிறது. கழற்றி வைக்கலாமா?

கூடாது. புகை எச்சரிப்பான் எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி கட்டாயம். படுக்கையறை, குழந்தைகள் அறை, வெளியே ஓட வழியாக இருக்கும் நடை, இந்த இடங்களில் இருந்தே ஆக வேண்டும். சமையலறையில் பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்து மிளகாய் வறுத்தால் நடையில் இருப்பது கத்தும். கதவைச் சாத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், புகைபோக்கியைத் தாளிப்பதற்கு முன்னாலேயே போடுங்கள். பல வீடுகளில் அது புகையை வெளியே அனுப்பாது. கரி வடிகட்டியில் சுற்றி மறுபடி அறைக்கே விடும். அந்த வடிகட்டியை மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டு, வாடை போகவில்லையே என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

எந்தத் தொட்டியில் எந்தக் குப்பை?

காய்கறித் தோல், தேயிலை, மிச்சச் சோறு உயிர்க்குப்பைத் தொட்டிக்கு, பிளாஸ்டிக் பை இல்லாமல். காகிதமும் அட்டையும் தனி. பொருள் சுற்றி வந்த உறைகள், டப்பாக்கள் மஞ்சள் தொட்டிக்கோ மஞ்சள் பைக்கோ. மற்றதெல்லாம் மிச்சக்குப்பை. கடை ரசீது காகிதம் மாதிரி இருந்தாலும் மிச்சக்குப்பைதான், அது வெப்பத்தில் அச்சாகும் தாள். தொட்டியின் நிறம் ஊருக்கு ஊர் மாறும், மஞ்சளைத் தவிர நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். மக்கும் பை என்று விற்பதையும் பல ஊர்களில் உயிர்க்குப்பையில் விடமாட்டார்கள்.

ஊறுகாய் பாட்டில் மாதிரிக் கண்ணாடி, தெருமுனைக் கொள்கலனுக்கு, வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரித்து. நீல பாட்டில் பச்சையோடு சேரும். உடைந்த டம்ளர் அங்கே போகாது, அந்தக் கண்ணாடி உருகும் வெப்பநிலையே வேறு.

பான பாட்டில்களை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கும்போதே பிணைத்தொகை வசூலாகியிருக்கும், 'ஃபாண்ட்' என்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். சூப்பர்மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், கவுன்டரில் காசு. டின்னை நசுக்கிவிட்டால் இயந்திரம் அதன் பார்கோடைப் படிக்காது. பூங்காவில் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிற்க வைத்துப் போவார்கள். அதைப் பொறுக்கி வாழ்கிறவர்கள் கையை உள்ளே விட வேண்டாம் என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை துளை போட்டதற்குப் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார். ஒரே ஓர் ஆணிதானே?

ஞாயிறு இங்கே அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. ஞாயிறும் பண்டிகை நாளும் வேலை ஓய்வு நாட்கள் என்று 1919ஆம் ஆண்டு வைமார் சாசனத்தில் எழுதிய வரியை 1949இன் சாசனம் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆகவே டிரில், சுத்தியல், புல்வெட்டி எல்லாம் சனிக்கிழமையோடு சரி. கண்ணாடிக் கொள்கலனில் பாட்டில் போடுவதும் கூடாது, அந்தச் சத்தத்துக்காக. வார நாட்களில் வழக்கமாக இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி. சில கட்டட விதிகளில் மதியமும் உண்டு. ஞாயிறு காலை சட்னிக்கு மிக்ஸி ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். இரண்டு நிமிஷத்துக்கு யாரும் வரமாட்டார்கள். மாவரைக்க கிரைண்டரை ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டால் வருவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான். சுவர் வழியாக அந்த அதிர்வு அவர்கள் தலையணைக்குப் போகிறது.

கட்டிலில் எதற்கு இரண்டு போர்வை?

கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. ஆளுக்கு 135க்கு 200 சென்டிமீட்டர். இழுத்துப் போர்த்துகிற சண்டை இல்லை. மெத்தையும் இரண்டாக இருக்கும், நடுவில் ஒரு பள்ளம். குழந்தை எப்போதும் அதற்குள்தான் விழும். தலையணை 80க்கு 80, சதுரம், உள்ளே காற்று. அதை மாற்றிவிடுங்கள்.

ஃபேன் மாட்டக் கொக்கி இல்லையே, கோடையில் என்ன செய்வது?

பகலில் எல்லாவற்றையும் மூட வேண்டும், நமக்குக் கை வராது. ஜன்னலுக்கு வெளியே இறங்கும் 'ரோலாடன்' மடக்குத் திரையைக் காலையிலேயே இறக்கிவிடுங்கள். வெயில் கண்ணாடியைத் தொட்டபின் உள்ளே திரை போட்டுப் பயனில்லை. இரவில் எல்லா ஜன்னலையும் திறந்து சுவரைக் குளிரவிடுங்கள். கூரைக்கு அடியில் உள்ள மேல்மாடி வீடு மலிவாகக் கிடைத்தால் ஜூலையில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள்.

டிவியே இல்லை. ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வருகிறது. போலியா?

உண்மைதான். டிவி இருக்கிறதா என்பது கணக்கில்லை, வீட்டுக்கு ஒரு கட்டணம், மாதம் 18.36 யூரோ. அன்மெல்டுங் செய்தால் கடிதம் பின்னாலேயே வரும். மூன்று பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்ற இருவரும் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். குப்பையில் போட்டால் அபராதத்தோடு திரும்பி வரும்.

வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வருமா?

வர வேண்டுமானால் குடிபோகும் அன்றே தொடங்க வேண்டும். சாவி வாங்கும்போது 'யூபர்காபே', அதாவது வீட்டை ஒப்படைக்கும் பதிவுச் சீட்டு ஒன்று எழுதுவார்கள். தரையில் கீறல், சுவரில் கறை, கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை, மீட்டர் அளவு எல்லாம் அதில் இருக்கும். கூச்சப்படாமல் ஒவ்வொரு கீறலையும் எழுதச் சொல்லி, படமும் எடுங்கள். எழுதாத கீறல் போகும்போது உங்களுடையது.

காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு. கையெழுத்திட்ட காகிதமாகப் போக வேண்டும், ஈமெயிலும் வாட்ஸ்அப்பும் செல்லாது. மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் அவர் கைக்குச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். ஒரு நாள் பிந்தி ஒரு மாத வாடகை கூடுதலாகக் கட்டிய அனுபவம் எனக்கு உண்டு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆணித் துளைகளை அடையுங்கள். வெள்ளையடிக்க வேண்டுமா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. பல பழைய வாசகங்களை நீதிமன்றங்கள் செல்லாதவை என்று சொல்லிவிட்டன, தூரிகையை எடுக்கும் முன் குடித்தனக்காரர் சங்கத்தில் காட்டிக் கேளுங்கள். அட்வான்ஸ் உடனே வராது. அடுத்த வருஷக் கணக்கு வரும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

கடைசியாகத் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிட மனுக் கொடுக்க வேண்டும், பெட்டியில் ஒட்டியிருந்த அதே பெயர்களில். மூன்றாவது வீட்டுக்கு மாறியபோது நான் சாவிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே வந்து மணிப் பலகையில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் உரித்து எடுத்தேன். இரண்டு அப்பாக்களும் கிழியாமல் வந்தார்கள். புது வீட்டு மணியிலும் அதே சீட்டுதான்.